நேயர் சி. தங்கமுத்து, திண்டுக்கல்

திண்டுக்கல்,
12-5-1988, வியாழக்கிழமை.
காலை மணி 10.20

அன்பு மகள் மாலதிக்கு, அப்பா தங்கமுத்து ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நீ 5-ஆம் தேதியிட்டு எழுதிய கடிதம் நேற்றுப் பிற்பகல் கிடைத்தது. உறையின் மேல் பிலாய் முத்திரை 7-ஆம் தேதி என்று இருக்கிறது. எழுதிய கடிதத்தை இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்து அனுப்பும் வழக்கத்தை இனியாவது விட்டுவிடு. மாப்பிள்ளை வேலுமணிக்கு இரவு முறை வேலை மாறியது அறிந்து நிம்மதி.

கனகா நலம். விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு என்று 3-ஆம் தேதி காலை 6.45-க்கு இங்கே வண்டியை விட்டு இறங்கியவள், அன்று மாலைக்குள் தெருவில் எட்டு வீடுகளுக்குப் போய் வந்துவிட்டாள். உன் அத்தை ஜக்கம்மாள் அவளுக்குச் சிறுமலை வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தே வயிற்றைக் கெடுத்துவிடுவாள் என்று அஞ்சுகிறேன். குழாயில் தண்ணீர் ஆறு நாளைக்கு ஒரு முறைதான் வருகிறது. ஆகையால் குழந்தையை ஒரு வாளியில் குளிக்கப் பழக்கியிருக்கிறோம்.

நாள்காட்டித் தாளைக் காலையில் கிழிக்கும் பொறுப்பை அவளிடம் ஒப்படைத்துவிட்டேன். தேதியைச் சொன்னால் கிழமையைக் கணக்கிட்டுச் சொல்லும் முறையையும் கற்றுக் கொடுத்தேன். நான்கு நாளில் பிடித்துக்கொண்டாள். மில்லில் முப்பத்தொரு ஆண்டு டைம்கீப்பராக இருந்த எனக்கே இதில் மடக்கி எண்ண இரண்டு விரல் வேண்டும். அவளுக்கு வேண்டாம். இப்போது தெருவில் கண்டவர்களையெல்லாம் நிறுத்திப் பிறந்த தேதி கேட்டுக் கிழமை சொல்கிறாள்.

கொடைக்கானல் பக்கம் திருப்பிக் கட்டியிருந்த ஆண்டெனா 8-ஆம் தேதிக் காற்றில் சாய்ந்தது. மறுநாளே பக்கத்து வீட்டு முனீர் ஆள் அழைத்து வந்து நிமிர்த்திக் கொடுத்தார். அவர் தோல் கிட்டங்கியை மூடிவிட்டு வருவதற்குள் அவர் மனைவி நர்கீஸ் இங்கே வந்து முன்வரிசையில் இடம் பிடித்திருப்பாள். செவ்வாய்க்கிழமை மாலை ஏழரை மணி நாடகத்துக்கு நம் கூடத்தில் இருபது பேருக்குக் குறைவதில்லை. சின்னாளபட்டியிலிருந்து சுங்குடிச் சேலை மூட்டையோடு வரும் பொன்னழகு, செவ்வாய்க்கிழமைகளில் கடைசிப் பேருந்துக்குத்தான் புறப்படுகிறாள்.

பிலாயில் உங்களுக்குத் தமிழ் நிகழ்ச்சி வராது என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வக்கீல். அவருக்கும் மனைவிக்கும் ஒரே மகன். இருபது வயது. அவன் அவர்கள் பெற்ற பிள்ளையில்லை, எடுத்து வளர்த்த பிள்ளை. அவனுக்கு அது தெரியாது. பெற்றவள் எங்கிருந்தோ அவனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள். வக்கீல் வீட்டம்மாள் அதைப் பிரித்துப் படித்து அடுப்பில் போட்டுவிடுகிறாள். 10-ஆம் தேதி இந்த இடத்தில் நிறுத்தினார்கள்.

அவள் ஏன் எரித்தாள் என்று அரைமணி நேரம் வழக்கு நடந்தது. அவளுக்குப் பிள்ளை மேல் பேராசை என்றாள் நர்கீஸ். சொத்து வெளியே போய்விடும் என்ற கவலை என்றார் முனீர். பொன்னழகு மூட்டையைக் கட்டிக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “பெத்தாத்தான தெரியும் அந்த வலி. கடையில வாங்குன பொம்மைய அடுத்தவ கேட்டா, குடுக்க மனசு வருமா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கனகாவும் சிரித்தாள்.

எனக்கு அங்கே பதில் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று உனக்கு விளங்கும். ஆனால் விடுவதாகவும் இல்லை. நேயர் கடிதங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்கிறார்கள் அல்லவா? அந்த அம்மாளின் மனத்தை விளக்கி, தக்க ஆதாரத்துடன், நான்கு பக்கம் எழுதி நேற்று 11-ஆம் தேதி காலை சென்னைத் தொலைக்காட்சி நிலையத்துக்கு அனுப்பிவிட்டேன். பெயர் எதையும் குறிப்பிடவில்லை. கவலை வேண்டாம்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அப்பா,
சி. தங்கமுத்து.

*

திண்டுக்கல்,
27-5-1988, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் மாலதிக்கு, அப்பாவின் ஆசீர்வாதம்.

உன் 18-ஆம் தேதிக் கடிதம் 23-ஆம் தேதி திங்களன்று கிடைத்தது. உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். உடம்புக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் அலைச்சல்.

24-ஆம் தேதி மாலை சிறு மழை. கூடத்தின் வடக்கு மூலையில் ஒழுகியது. ஓடு மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஜக்கம்மாளுக்கு முழங்கால் வலி. தைலம் தேய்க்கிறாள்.

என் கடிதத்தை 22-ஆம் தேதி ஞாயிறன்று நிலையத்தில் வாசித்தார்கள். நம் ஊர்ப் பெயரும் என் பெயரும் தெளிவாகக் கேட்டன. முனீர் அரைக் கிலோ அல்வா வாங்கி வந்து கூடத்தில் எல்லோருக்கும் கொடுத்தார். அதைப் பற்றி வேறு விசேஷமில்லை.

கனகா நலம். முன்போல் வெளியே அதிகம் போவதில்லை. வெயில் கடுமையாக இருக்கிறது அல்லவா? நான் கேட்ட உதவிகளையெல்லாம் செய்கிறாள். அதட்ட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அவள் உனக்குத் தனியாக எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் படிக்கவில்லை. ஒட்டுவதற்கு முன் தேதி போட்டிருக்கிறாளா என்று மட்டும் பார்த்தேன். போட்டிருக்கிறாள்.

மாப்பிள்ளை எந்தத் தேதியில் அழைத்துப்போக வருகிறார் என்பதை முன்கூட்டித் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
அப்பா.

*

திண்டுக்கல்,
10-6-1988, வெள்ளிக்கிழமை.
காலை மணி 9.05

என் மகள் மாலதிக்கு,

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படி. படித்த பிறகு மாப்பிள்ளையிடம் கொடு. அவர் 16-ஆம் தேதி அங்கிருந்து புறப்படுவதாக எழுதியிருக்கிறாய். அதற்கு முன் இது உன் கையில் சேர வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பினால் ஒரு நாள் தாமதமாகும் என்பதால் சாதாரண உறையில், ரயில் நிலையத்துப் பெட்டியில், நானே போய்ப் போடப்போகிறேன்.

உன் 4-ஆம் தேதிக் கடிதத்தில், கனகா கையெழுத்துக்கு மேல் ‘உங்கள் சொந்த மகள்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து நீயும் மாப்பிள்ளையும் சிரித்ததாகச் சொல்லியிருக்கிறாய். இப்படி எழுத யார் கற்றுக் கொடுத்தார்கள், உங்கள் நாடகமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டு நாட்களாக அந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதற்கு மேல் சும்மா இருப்பது பாவம்.

கனகாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிய வைத்தவன் நான்.

நிலையத்துக்கு எழுதிய கடிதத்தில் பெயர் எதுவும் இல்லை என்று உனக்கு எழுதினேன். அது உண்மை. உன் பெயர் இல்லை, குழந்தையின் பெயர் இல்லை. என்ன இருந்தது என்பதை இப்போது எழுதுகிறேன். என்னிடம் நகல் இருக்கிறது.

“1979-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 4.10 மணிக்கு, மதுரையில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஒரு பெண்ணின் மடியில் ஒரு குழந்தையை வைத்தார்கள். நான் அருகில் நின்றேன். அந்தப் பெண் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தாள். யாரேனும் வந்து திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று. குழந்தை என்று பிறந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாததால், அந்த நாளையே அதன் பிறந்தநாளாக இன்றுவரை கொண்டாடுகிறார்கள். வக்கீல் வீட்டம்மாள் கடிதத்தை எரித்தது பேராசையால் அல்ல. கதவைப் பார்த்த அந்த அச்சத்தால்தான்.”

நான்கு பக்கத்தில் அவர்கள் எடுத்து வாசித்தது இந்தப் பகுதியை மட்டுமே. வாசித்த நிலையத்துப் பெண் நல்ல குரலில், நிறுத்தி நிறுத்தி, தேதியை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

கூடத்தில் அன்று பதினான்கு பேர். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. உன் அத்தைக்கும் தோன்றவில்லை. அவளுக்கு என் பெயர் சென்னையிலிருந்து கேட்டதே போதுமானதாக இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நர்கீஸ் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணே, நான் அந்த அம்மாளைத் தப்பாகப் பேசிவிட்டேன் என்றாள். இத்தனைக்கும் நடுவில் கனகா எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். பிறகு அவளும் கை தட்டினாள். முனீர் கொடுத்த அல்வாவை நான் வாயில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் 23-ஆம் தேதி காலை அவள் நாள்காட்டித் தாளைக் கிழிக்கவில்லை. நான் கிழித்தேன். அப்போது கேட்டாள்.

“தாத்தா, அந்த வெள்ளிக்கிழமை நீங்க மதுரைக்கா போயிருந்தீங்க?”

ஒரே ஒரு பொய் போதுமாயிருந்தது. அது வேறு யாரோ என்று சொல்லியிருக்கலாம். தேதியை ஊகமாகப் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் தேதியை ஊகமாகப் போடுகிறவன் இல்லை என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியும். நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், மாலதி. நான் வாய் திறந்து ஆம் என்று சொல்லவில்லை என்பதை ஒரு வாரம் எனக்கு நானே ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஆறுதலுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

அவள் அழவில்லை. என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, “எனக்குத் தெரியும்னு அம்மாட்ட சொல்லிராதீங்க தாத்தா. சொன்னா அம்மா அழுவாங்க” என்றாள். நான் தலையாட்டினேன். சத்தியம் கேட்டாள். கையில் அடித்துக் கொடுத்தேன்.

எட்டு வயது ஒன்பது மாதக் குழந்தை உனக்காக ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு அலைகிறது. அதற்கு நான் துணை போனேன். பதினெட்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்காததற்கு இதுதான் காரணம். அலைச்சல் என்று முன் கடிதத்தில் எழுதியது பொய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன்னைப் பழித்ததைப் பொறுக்க முடியாமல்தான் எழுதினேன் என்று இதுவரை என்னை நானே நம்ப வைத்திருந்தேன். பொன்னழகுக்கு ஒன்றும் தெரியாது. அவள் நாடகத்துப் பெண்ணைத்தான் சொன்னாள். எனக்கு அது உன் மேல் பட்டது போல இருந்தது என்பது மெய்தான். ஆனால் முழு மெய் அன்று. அதற்கு முன் நான் நிலையத்துக்குப் பதினொரு கடிதம் எழுதியிருக்கிறேன். முதல் கடிதம் 19-1-88. நாடகத்தில் பொங்கலன்று மாமரம் காய்த்துத் தொங்குகிறதே என்று. ஒன்றையும் வாசிக்கவில்லை. அண்ணே, உங்கள் கடிதம் இன்னும் வண்டியிலேயே இருக்கிறதா என்று முனீர் ஞாயிறு தோறும் கேலி செய்வார். சொந்த அனுபவத்தை எழுதுகிறவர்களின் கடிதங்களைத்தான் அவர்கள் எடுத்து வாசிக்கிறார்கள் என்பதைக் கவனித்து வைத்திருந்தேன். பன்னிரண்டாவதில் எனக்குத் தெரிந்த ஓர் உயிரான அனுபவத்தைப் போட்டேன். நம்புவதற்காகத் தேதியையும் நேரத்தையும் போட்டேன். கதவைப் பார்த்தாய் என்பதை உன் தாயிடம்கூட நான் சொன்னதில்லை. அதைச் சென்னைக்கு அனுப்பினேன். நாடகத்துப் பெண் ஒருத்தியின் நியாயத்துக்காக வாதாடி, என் வீட்டுப் பெண்ணின் மடியை ஊருக்கு விரித்துக் காட்டினேன்.

இனி அந்த நிலையத்துக்கு எழுதப்போவதில்லை. அது ஒரு பெரிய தண்டனை அன்று. அறிவேன்.

குழந்தையைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்கிறேன். 24-ஆம் தேதி நாடகத்தைப் பார்க்க வேண்டாம் என்று தொலைக்காட்சிப் பெட்டியை மூடப் போனேன். ஆண்டெனா சரியில்லை என்று சொல்ல நினைத்தேன். அவளே வந்து பொத்தானைத் திருப்பினாள். அன்று வக்கீல் மகனுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. தட்டைத் தள்ளிவிட்டு வீட்டை விட்டுப் போகிறான். இனி எங்கே திரும்புவான், பெற்றவளிடம்தான் போவான் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கனகா எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தவள், திரும்பாமலே சொன்னாள்.

“வந்துருவான். அவன் சோறு அங்கனதான இருக்கு.”

கூடமே சிரித்தது. பொன்னழகு அவளை இழுத்து உச்சி முகர்ந்து, இந்தப் பிள்ளை வாய்க்குச் சின்னாளபட்டிச் சேலை ஒன்று தரலாம் என்றாள். நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

மற்றபடி அவள் மிகவும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்கிறாள். அதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது. வந்த புதிதில் வெஞ்சனம் பிடிக்கவில்லை என்று தட்டைத் தள்ளுவாள். இப்போது பாகற்காயைக்கூட மிச்சம் வைப்பதில்லை. ஜக்கம்மாள் கேட்காமலே பாத்திரம் எடுத்து வைக்கிறாள். பிடிவாதம் இல்லை, சண்டை இல்லை. நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி இப்படித்தான் நடந்துகொள்வாள். அவள் விருந்தாளி இல்லையே, மாலதி.

தெருவில் யாரிடமும் பிறந்த தேதி கேட்பதையும் விட்டுவிட்டாள்.

நாடகம் 7-ஆம் தேதி முடிந்தது. அந்த அம்மாளுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. மகன் ஓடி வந்து காலில் விழுந்தான். எல்லோரும் ஒன்றானார்கள். நர்கீஸுக்குப் பிடிக்கவில்லை. “காய்ச்சல் வந்தாத்தான் மன்னிப்பாகளாண்ணே? நல்லாருக்கும்போது மன்னிச்சா என்ன கொள்ளை?” என்று என்னிடம் கேட்டாள். வழக்கமாக இதற்குக் கால் மணி நேரம் பதில் சொல்வேன். தெரியவில்லையம்மா என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இனி நீ செய்ய வேண்டியது. நேற்று முழுவதும் யோசித்து, நீயாகவே சொல்வது போலச் சொல்லிவிடு, நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே, அவள் என்னிடம் வாங்கிய சத்தியமும் காப்பாற்றப்படும் என்று ஒரு திட்டம் எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது, மூவருக்கும் மூன்று வசனம் எழுதிக் கொடுத்திருப்பது தெரிந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். என் யோசனை ஒன்றையும் நீ கேட்க வேண்டாம். உண்மையைச் சொல். தாத்தா சத்தியத்தை மீறி எழுதிவிட்டார் என்று சொல். இன்று மாலை அவளிடம் நானும் சொல்லிவிடப் போகிறேன். கோபித்துக்கொள்வாள். என்னோடு பேசமாட்டாள். அவள் யார் மீதாவது கோபப்பட வேண்டும். அது என் மீதாகவே இருக்கட்டும். அவளுக்கு ஒன்பது வயதுகூட ஆகவில்லை. நல்ல பிள்ளையாக இருந்து களைத்துப் போவாள்.

என்னை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. ஆகஸ்ட் மாதம் உங்களிடமிருந்து வழக்கமாக வரும் புகைப்படம் இந்த ஆண்டு வராவிட்டால், ஏன் என்று கேட்கமாட்டேன்.

மாப்பிள்ளை 20-ஆம் தேதி திங்களன்று இங்கிருந்து அவளை அழைத்துக்கொண்டு புறப்பட்டால், 23-ஆம் தேதி வியாழன் காலை துர்க் ரயிலடி வந்து சேருவார்கள். வீட்டில் சமைத்து வைத்துக்கொண்டு காத்திராதே. ரயிலடிக்கு நீயே போ. இறங்கும்போது குழந்தை உன் முகத்தைத்தான் பார்ப்பாள். உனக்குத் தெரியுமா, தெரியாதா என்று பார்ப்பாள். அப்போது அழுகை வந்தால் அழு. அதை அவளிடம் மறைக்காதே. தூக்கிக்கொள். கனமாக இருக்கிறாள், கூட்டத்தில் வெட்கப்படுவாள், உதறுவாள். விடாதே.

நீ நன்றாயிரு. மாப்பிள்ளை நன்றாயிருக்கட்டும். அவள் உன்னிடம் பிடிவாதம் பிடித்து, சண்டை போட்டு, தட்டைத் தள்ளி, நூறு வயது வாழட்டும்.

உன் அப்பா.